எஸ்தே தோட்டத்து சைப்ரஸ் மரங்கள்: ஃப்ராகொனாரின் காவிக்கல் ஓவியமும் அது கைமாறிய கதையும்

செங்காவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே கேட்க நினைத்த விஷயம் இது.

ஃப்ரான்சின் கிழக்குப் பக்கம், சுவிட்சர்லாந்து எல்லைக்கு அருகே பெசான்ஸோன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்தில் ஃப்ராகொனார் 1760 வாக்கில் வரைந்த பத்து சிவப்புக் காவிக்கல் ஓவியங்கள் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஒரு கண்காட்சியில் அவற்றைப் பார்த்தேன். ரோமுக்கு அருகில் திவோலி என்ற ஊரில் வில்லா தெஸ்தே என்ற பழைய மாளிகை இருக்கிறது. அதன் தோட்டத்துப் பெரிய சைப்ரஸ் மரங்களை வரைந்த தாளின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன்.

தாள் பெரியதில்லை. நீளப் பக்கம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மற்றது 35 செ.மீ. சுமார். இரண்டு பக்கமும் மரங்கள் நெடுநெடுவென்று எழுந்து நிற்கின்றன. தூரத்தில் மேட்டின் மேல் மாளிகை. கீழே மனிதர்கள் எறும்பு அளவு. வெளிச்சம் விழும் இடங்களில் அவர் எதையும் வரையவே இல்லை, தாளின் வெண்மையை அப்படியே விட்டிருக்கிறார். இலைகள் எல்லாம் குட்டிக் குட்டி நெளிகோடுகள். ஒரே நிறத்தில் ஜூலை மாத வெயிலை எப்படிக் கொண்டுவந்தார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பக்கத்தில் ஒரு சிறு அட்டை. ஓவியரின் பெயர், தலைப்பு, அப்புறம் கடைசி வரியில் "பியேர்-அத்ரியான் பாரிஸ் உயில்வழிக் கொடை, 1819". அந்தக் கடைசி வரியைத்தான் கேட்க வந்தேன். ஓவியப் புத்தகங்களில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார் யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் போனது என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி வருகிறது. நான் அதைத் தாண்டிப் போய்விடுவேன். கோடு கோடுதானே, யார் வீட்டு அலமாரியில் இருந்தால் என்ன என்று நினைப்பேன். அந்தப் பத்தியை ஏன் படிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திரஎழுத்தர் எழுதியது:

ஓவியம் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். 28 வருடம் கிரயப் பத்திரம் எழுதியவன்.

ஒரு மனை வாங்க வருகிறவர் மண்ணையும் கிணற்றையும் பார்த்து மயங்கிவிடுவார். நான் முதலில் கேட்பது மூலப்பத்திரம். விற்கிறவருக்கு அது எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது, நடுவில் பாகப்பிரிவினை உண்டா, யாருடைய கையெழுத்தாவது விட்டுப்போயிருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் பத்து வருடம் விடுபட்டிருந்தால் அந்தப் பத்து வருடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் சொல்லும் பொடி எழுத்துப் பத்தியும் அதுதானே. அந்தப் படத்துக்கு மூலப்பத்திரத்திலிருந்து யாராவது வரிசையாகச் சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

ரோன்கரை எழுதியது:

பத்திரஎழுத்தர் ஐயா கேட்ட வரிசையில் சொல்கிறேன். நான் லியோனில் இருப்பவன், பெசான்ஸோனுக்குப் பல முறை போயிருக்கிறேன்.

முதலில் ஓவியர். ஃப்ராகொனார் தெற்கு ஃப்ரான்சில் க்ராஸ் ஊரில் 1732-இல் பிறந்தவர். 1752-இல் ரோம் பரிசு வென்று, 1756 முடிவில் ரோமில் இருந்த ஃப்ரெஞ்சு அகாதமிக்கு அரசு உதவித்தொகையில் போய்ச் சேர்ந்தார். அங்கே இயக்குநர் ஷார்ல் நத்துவார். மாணவர்களை அறைக்குள் சிலைகளைப் பார்த்து வரைந்துகொண்டே இருக்க விடாமல் வெளியே அனுப்பி மரத்தையும் இடிபாட்டையும் வரையச் சொன்ன மனிதர். ஃப்ராகொனாருக்கு இது பெரிய வரம் என்பது என் கருத்து.

அடுத்து சான் நோன். முழுப் பெயர் ஜான்-க்ளோத் ரிஷார், சான் நோன் மடத்தலைவர் என்ற பட்டம். பெயருக்குத்தான் மடத்தலைவர். பணமும் ரசனையும் உள்ள, தானும் செதுக்கோவியம் (தகட்டில் செதுக்கி மை தடவி அச்சிடும் படம்) செய்யத் தெரிந்த கலைப்பித்தர். 1760 கோடையில் திவோலியில் வில்லா தெஸ்தேயில் போய்த் தங்கினார், ஃப்ராகொனாரையும் அழைத்துக்கொண்டார். 16-ஆம் நூற்றாண்டில் கார்டினல் இப்போலித்தோ தெஸ்தே கட்டிய மாளிகை அது. இவர்கள் போன சமயத்தில் மோதெனா பிரபுக்களின் சொத்து, கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. அதனால்தான் தோட்டம் காடாக வளர்ந்திருந்தது. வெட்டிச் சீராக்கிய தோட்டமாக இருந்திருந்தால் செங்காவி பார்த்த அந்த மரங்கள் அப்படி எழுந்திருக்காது.

இதற்கு எழுத்துச் சாட்சி உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று நத்துவார் பாரிஸ் நகரத்தில் இருந்த மேலதிகாரி மாரின்யிக்கு ஒரு கடிதம் எழுதினார். சான் நோன் ஒன்றரை மாதமாக ஃப்ராகொனாரோடு திவோலியில் இருக்கிறார், நம் இளம் ஓவியர் மிக அழகான பயிற்சி ஓவியங்கள் செய்கிறார், அவை அவருக்குப் பயனும் பெருமையும் தரும் என்று அதில் சொல்கிறார். 28 வயதுப் பையனைப் பற்றி ஆசிரியர் ஒருவர் மேலிடத்துக்கு எழுதிய நல்ல வார்த்தை. படிக்கும்போது எனக்கு மனது நிறைந்துவிடும்.

1761 ஏப்ரலில் இருவரும் ரோமை விட்டுக் கிளம்பி, வழியெல்லாம் வரைந்துகொண்டே ஊர் திரும்பினார்கள். 1765-இல் பாரிஸ் நகரத்தில் நடந்த சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் வில்லா தெஸ்தே காட்சிகள் இரண்டு வைக்கப்பட்டன. உரிமையாளர் சான் நோன் என்று கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. உங்கள் மொழியில் சொன்னால் முதல் பதிவு அது, ஐயா.

பாரிஸ் என்பவரைப் பற்றி இன்னொரு பதிவில் எழுதுகிறேன். அவர் கதை தனியாகச் சொல்ல வேண்டியது.

கோட்டோவியன் எழுதியது:

நான் மாறுபடுகிறேன். தினமும் கையில் குச்சி பிடிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சான் நோனோ மாரின்யியோ யாராக இருந்தாலும் அவர்கள் தாளில் ஒரு கோடு கூடப் போடவில்லை. ஒரு ஓவியத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

காவிக்கல் என்பது இரும்பு ஆக்சைடு கலந்த களிமண். வெட்டியெடுத்து, குச்சியாக அறுத்து, ஒரு பிடிக்குள் செருகி வரைவார்கள். இன்று கடையில் வாங்கும் கான்டே குச்சி வேறு, அது 1795-க்குப் பிறகு வந்த தயாரிப்பு. இயற்கைக் கல்லில் ஒரு துண்டு மெத்தென்று இருக்கும், அடுத்தது கரகரவென்று கீறும். அழுத்திப் போட்ட கோட்டைச் சுத்தமாக அழிக்க முடியாது. தொட்டால் பூசிக்கொள்ளும். அதனால் மேலிருந்து கீழாக, கை படாமல், முடிவு செய்துவிட்டுத்தான் போட வேண்டும். ஃப்ராகொனாரின் நெளிகோட்டில் தயக்கம் இல்லாததற்குக் காரணம் இதுதான். தயங்கினால் அந்தக் கல் காட்டிக்கொடுத்துவிடும். நனைத்தால் நிறம் ஆழமாகும், கூர்மையாகச் சீவினால் மயிரிழை கிடைக்கும், படுக்கவைத்து இழுத்தால் அகலமான நிழல். ஒரே கல்லில் இவ்வளவும்.

இதையெல்லாம் பார்க்க எனக்கு உரிமையாளர் பட்டியல் தேவைப்படவில்லை.

நூலகப்பூனை எழுதியது:

கோட்டோவியன் அண்ணா, கல்லைப் பற்றி நீங்கள் எழுதியது அவ்வளவும் சரி. ஆனால் நீங்கள் பார்க்கும் கோடு ஃப்ராகொனாரின் கை போட்டதுதான் என்று எப்படித் தெரியும்? நான் பழைய காகிதங்களைப் பேணும் வேலையில் இருக்கிறேன். காவிக்கல் ஓவியத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு.

அந்தத் துகள் தாளோடு ஒட்டாமல் மேலே உட்கார்ந்திருக்கும். அதன் மீது ஈரமான இன்னொரு தாளை வைத்து அச்சு எந்திரத்தில் கொடுத்தால் அதே படம் இடவலமாகத் திரும்பி மறுதாளில் விழும். எதிர்ப்படி என்று சொல்லலாம். 18-ஆம் நூற்றாண்டில் இது ரொம்ப சகஜம். ஃப்ராகொனாரும் அவர் நண்பர் உபேர் ரொபேரும் தங்கள் ஓவியங்களுக்கு எதிர்ப்படி எடுத்திருக்கிறார்கள். அதன் மேலேயே திரும்பவும் கல்லால் தொட்டு மெருகேற்றவும் செய்தார்கள். ஆக ஒரு காட்சிக்கு மூலத்தாள் ஒன்று, திரும்பிய படி ஒன்று, மெருகேற்றிய படி ஒன்று என்று இருக்கலாம். மூலத்தாளும் ஒரு முறை அழுத்தியதில் கொஞ்சம் வெளுத்திருக்கும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வலக்கைக்காரர் போடும் நிழல்கோடு இயல்பாகக் கீழ் இடத்திலிருந்து மேல் வலத்துக்குச் சாயும். எதிர்ப்படியில் அது தலைகீழாகி இடக்கைக்காரர் போட்டது போல் தெரியும். கோட்டின் விளிம்பில் துகள் இருக்காது, அமுங்கித் தட்டையாக இருக்கும். எழுத்து இருந்தால் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும். ஆனால் நன்றாக மெருகேற்றிய ஒரு தாளைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். அப்போது நான் தேடுவது அந்தப் பொடி எழுத்துப் பத்தியைத்தான். எந்த விற்பனைப் பட்டியலில் என்ன அளவு, என்ன நிறம், எதிர்ப்படியா மூலமா என்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

இன்னொன்று. வில்லா தெஸ்தே சைப்ரஸ் மரங்களை ஃப்ராகொனார் ஒரு முறைக்கு மேல் வரைந்திருக்கிறார். வியன்னாவின் ஆல்பெர்த்தீனா அருங்காட்சியகத்தில் இதே காட்சி நீர் கலந்த பழுப்பு மையால் தீட்டியதாக இருக்கிறது. தலைப்பு ஒன்று என்பதால் தாளும் ஒன்றாகிவிடாது. 1765-இல் காட்டியது, 1819-இல் கொடுத்தது என்று இணைக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செங்காவி எழுதியது:

அக்கா, இது எனக்குப் புதிது. நன்றி. உபேர் ரொபேர் என்ற பெயரைச் சொன்னீர்கள். அவரும் திவோலியில் இருந்தாரா? இருவரும் ஒரே இடத்தில் ஒரே கல்லால் வரைந்தால் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

ரோன்கரை எழுதியது:

ரொபேரும் சான் நோன் வட்டத்தில் ஒருவர்தான், சேர்ந்து வரைந்தவர்கள்தான். இருவர் தாள்களும் பல காலம் குழம்பிக் கிடந்தன, ஒருவருடையதை மற்றவருடையது என்று விற்றதும் உண்டு. ரொபேர் கட்டடத்தை முதலில் பார்ப்பவர், தூணும் வளைவும் அவர் கையில் உறுதியாக நிற்கும். ஃப்ராகொனாருக்கு மரம்தான் கட்டடம். இது என் கண்ணுக்குப் பட்டது, விதி இல்லை.

இப்போது பாரிஸ். நகரம் இல்லை, மனிதர். பியேர்-அத்ரியான் பாரிஸ், பெசான்ஸோனில் 1745-இல் பிறந்த கட்டடக் கலைஞர். 1771 முதல் 1774 வரை ரோமில் அதே அகாதமியில் படித்தார். கடைசி ஆண்டில் ஃப்ராகொனார் தன் இரண்டாவது இத்தாலியப் பயணத்தில் அங்கே வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்துக்குச் செலவு செய்தவர் பெர்ழெரே என்ற செல்வந்தர், சான் நோனின் சகோதரியை மணந்தவர். எல்லாம் ஒரே வட்டம். பின்னாளில் சான் நோன் நேப்பிள்ஸ், சிசிலி பற்றி 1781 முதல் 1786 வரை வெளியிட்ட பிரம்மாண்டமான பயண நூலுக்குப் பாரிஸ் வரைபடங்கள் கொடுத்தார். சான் நோனின் சொத்தைக் கரைத்த நூல் அது. ஆக இந்தப் பத்துத் தாள்களும் முகம் தெரியாத கைகளில் அலைந்து பாரிஸிடம் வந்தவை இல்லை, ஒரு நட்பு வட்டத்துக்குள் இருந்தவரிடம் சேர்ந்தவை.

பாரிஸ் அரச விழாக்களுக்கும் நாடக மேடைகளுக்கும் வடிவமைப்பாளர். 1789 மே மாதம் வெர்சாய் நகரில் மூன்று வகுப்பினரின் பேரவை கூடிய மண்டபத்தை அமைத்தவரும் அவர்தான். அரசருக்கு வேலை செய்தவர் கட்டிக் கொடுத்த கூடத்தில்தான் புரட்சி தொடங்கியது. அரசர் போன பிறகு நார்மண்டிப் பக்கம் கிராமத்துக்கு ஒதுங்கிவிட்டார். 1806-இல் திரும்பவும் இத்தாலி. 1807-இல் ரோம் அகாதமியின் தற்காலிக இயக்குநர். போர்கேசே குடும்பத்தின் பழஞ்சிலைகள் நெப்போலியனுக்காக லூவருக்குப் போனபோது அந்த வேலையைக் கவனித்தவரும் அவரே.

இவ்வளவு அலைந்த மனிதர் கடைசியில் சொந்த ஊர் திரும்பி 1819 ஆகஸ்டில் இறந்தார். நூல்கள், ஓவியங்கள், பழம்பொருட்கள் எல்லாவற்றையும் ஊர் நூலகத்துக்கு எழுதிவைத்தார். நூலகர் ஷார்ல் வைஸ் 1821-இல் அதன் பட்டியலை அச்சிட்டார். உயில், பட்டியல், அப்புறம் அருங்காட்சியகம். 1819-க்குப் பிறகு ஒரு வில்லங்கமும் இல்லை.

பத்திரஎழுத்தர் எழுதியது:

அழகாகச் சொன்னீர்கள் தம்பி. வாய்வழிச் சம்பந்தத்தை நாங்கள் பத்திரமாக ஏற்க மாட்டோம். ஆனாலும் கடைசிக் கண்ணி உயிலும் அச்சிட்ட பட்டியலும் என்றால் பலமானதுதான்.

ஒரு சந்தேகம். நிலத்துக்குச் சர்வே கல் உண்டு, பதிவு எண் உண்டு. ஒரு தாளுக்கு என்ன அடையாளம்? அதே தாள்தான் கைமாறியது என்று எப்படி நிரூபிப்பார்கள்?

நூலகப்பூனை எழுதியது:

ஐயா, இந்தத் துறையின் இதயத்தையே தொட்டுவிட்டீர்கள். தாளிலேயே அடையாளம் போட்டிருப்பார்கள்.

18-ஆம் நூற்றாண்டு சேகரிப்பாளர்கள் தங்கள் ஓவியங்களின் மூலையில் ஒரு சிறு முத்திரை குத்துவார்கள், அல்லது பேனாவால் எண் எழுதுவார்கள். பாரிஸ் நகரத்து வியாபாரியும் அறிஞருமான பியேர்-ஜான் மரியெத்தின் முத்திரை ஒரு வட்டத்துக்குள் எம் எழுத்து. தன் ஓவியங்களை நீல அட்டையில் ஏற்றி, சுற்றிப் பொன் பட்டை வரைந்து, கீழே சிறு சட்டத்துக்குள் ஓவியர் பெயரை லத்தீனில் எழுதிவைப்பார். அந்த நீல அட்டையைத் தூரத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். 1774-இல் அவர் இறந்த பிறகு நடந்த ஏலம் 1775 நவம்பரில் தொடங்கி 1776 ஜனவரி வரை போனது. அரசர் சார்பில் வாங்கியவை மட்டும் ஆயிரத்துக்கு மேல், இன்று லூவரில் இருக்கின்றன.

இந்த முத்திரைகளையெல்லாம் ஒரே ஆள் உட்கார்ந்து தொகுத்தார். ஃப்ரிட்ஸ் லுக்ட், நெதர்லாந்துக்காரர். 1921-இல் முதல் நூல், 1956-இல் துணைத்தொகுதி. ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு எண். மரியெத்தின் எண் 1852. இன்று உலகில் எந்த அருங்காட்சியகமும் ஒரு முத்திரையைக் குறிப்பிட 'லுக்ட் இத்தனை' என்றுதான் எழுதும். அவர் நிறுவிய குஸ்தோதியா அறக்கட்டளை பாரிஸ் நகரத்தில் இருக்கிறது. அந்தத் தொகுப்பை 2010 முதல் இணையத்திலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் வேலையில் வாரம் ஒரு முறையாவது திறப்பேன்.

அப்புறம் எனக்குப் பிடித்த ஒரு சாட்சி. கப்ரியேல் த சான்-தோபான் என்ற ஓவியர் ஏலங்களுக்குப் போய் உட்கார்ந்து, அச்சிட்ட பட்டியலின் ஓரத்திலேயே விற்பனைக்கு வரும் ஓவியங்களைக் கட்டைவிரல் அளவில் வரைந்துகொண்டே இருப்பார். பட்டியலில் "நிற்கும் பெண், சிவப்புக் கல்" என்று மட்டும் இருந்தால் எந்தப் பெண் என்று எப்படித் தெரியும்? சான்-தோபானின் ஓரக்கிறுக்கலைப் பார்த்தால் தெரிந்துவிடும். கேமரா இல்லாத காலத்தில் அந்த மனிதர் செய்த வேலையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

முத்திரையையும் போலியாகக் குத்தலாம் என்பது உண்மைதான். அதனால் முத்திரை, அட்டை, பட்டியல், அளவு, தாளின் நீர்க்குறி (தாள் செய்யும்போதே பதிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் அடையாளம்) எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று சேர்த்துத்தான் பார்க்கிறோம்.

கோட்டோவியன் எழுதியது:

எதிர்ப்படி விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். அது சரியான அடி. கோடு சாயும் திசையைப் பற்றி யோசிக்காமலே இத்தனை வருடம் பழைய ஓவியங்களை நகல் எடுத்துப் பழகியிருக்கிறேன்.

ஆனால் வேறொரு கேள்வி கேட்கிறேன். ரோன்கரை சொன்ன பெர்ழெரே கதை எனக்கும் தெரியும், அதில் முக்கியமான பாதியை அவர் விட்டுவிட்டார். பயணம் முடிந்து ஊர் திரும்பியதும், வழியில் ஃப்ராகொனார் வரைந்ததெல்லாம் தனக்கே சொந்தம், செலவு செய்தது நான்தானே என்று பெர்ழெரே வைத்துக்கொண்டார். ஃப்ராகொனார் வழக்குப் போட்டார். ஓவியங்களைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் 30,000 லிவ்ர் (அன்றைய ஃப்ரெஞ்சு நாணயம்) கட்டு என்று தீர்ப்பானது. ஃப்ராகொனார் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்தது இது.

உங்கள் பொடி எழுத்துப் பத்தியில் 'பெர்ழெரே' என்று ஒரு பெயராக நிற்பதற்குப் பின்னால் ஓர் ஓவியனின் வயிற்றெரிச்சல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் முதல் பெயர் எப்போதும் ஓவியனுடையதாக இருக்க வேண்டும். சாப்பாடும் வண்டிக்கூலியும் கொடுத்தவன் பெயர் அல்ல.

செங்காவி எழுதியது:

அண்ணா, இதைப் படித்த பிறகு அந்தப் பத்தியைத் தாண்டிப் போக எனக்கு மனது வராது. நீங்கள் எதிர்த்துச் சொல்ல வந்ததே எனக்கு அதைப் படிக்க வேண்டிய காரணமாகிவிட்டது.

ரோன்கரை எழுதியது:

கோட்டோவியன் சொன்னது நியாயம். ஓவியன் தானே தன் தாள்களைப் பங்கிட்டுக் கொடுத்த கதை ஒன்றும் இருக்கிறது.

வாத்தோ. ஃப்ராகொனாருக்கு ஒரு தலைமுறைக்கு மேல் முந்தையவர். சிவப்பு, கருப்பு, வெள்ளை மூன்று கல்லையும் ஒரே தாளில் சேர்த்து முகம் வரைவதில் அவருக்கு இணை இல்லை. காசநோயில் 1721 ஜூலையில் போய்விட்டார், வயது 36. கையில் பெரிய சொத்து இல்லை. கட்டுக்கட்டாக வரைந்த தாள்கள்தான் இருந்தன. அதை நான்கு நண்பர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்: ஜூலியென், ஆராங்ழே, ஏனான், கலை வியாபாரி ழெர்சான்.

நால்வரில் துணி உற்பத்தியாளரான ஜூலியென் செய்தது பெரிய காரியம். நண்பனின் ஓவியங்கள் சிதறிப்போகும் என்று தெரிந்து, கிட்டத்தட்ட 350 தாள்களைச் செதுக்கோவியமாக்கி 1726, 1728 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் நூறுக்கு மேல் செதுக்கியவர் அன்று இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்த ஓவியர் பூஷே, நாளுக்கு 24 லிவ்ர் கூலிக்கு. பூஷேயின் கை பழகியதே அங்கேதான். அந்தப் பூஷேயிடம்தான் பின்னால் ஃப்ராகொனார் படித்தார். ஒரு மனிதன் சாகும்போது பிரித்துக் கொடுத்த தாள், அவன் பார்த்தேயிராத ஒருவனின் கைக்கு இப்படிப் போய்ச் சேர்கிறது. செங்காவி பார்த்த சைப்ரஸ் இலைக்குள் வாத்தோவின் கோடு கொஞ்சம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இன்று ஒரு வாத்தோ தாள் எங்காவது வந்தால் முதலில் ஜூலியென் தொகுதியில் அந்த உருவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நூலகப்பூனை எழுதியது:

இதோடு தெஸ்ஸினையும் சேர்க்க வேண்டும். ஸ்வீடன் நாட்டுப் பிரபு கார்ல் குஸ்தாவ் தெஸ்ஸின் 1715-இல் வாத்தோவை நேரில் சந்தித்தவர். பிறகு 1739 முதல் 1742 வரை பாரிஸ் நகரத்தில் தூதராக இருந்தார். அந்தச் சமயம் வங்கியாளர் க்ரோசாவின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. சுமார் 19,000 ஓவியங்கள், பட்டியல் போட்டவர் நாம் பார்த்த மரியெத், பணம் ஏழைகளுக்கு என்பது க்ரோசாவின் விருப்பம். 1741-இல் நடந்த அந்த ஏலத்தில் தெஸ்ஸின் 2,000-க்கு மேல் அள்ளிக்கொண்டார். கடனில் மூழ்கி, 1750-இல் ஸ்வீடன் அரச குடும்பத்துக்கு விற்றார். இன்று ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஃப்ரெஞ்சு ஓவியர் ஷார்தான் வரைந்து மிஞ்சியிருக்கும் மிகச் சில தாள்களில் ஒன்று, கை வண்டி இழுப்பவனைக் கருப்பும் வெள்ளையுமான சுண்ணத்தில் வரைந்தது, தெஸ்ஸின் கை வழியாகத்தான் அங்கே போனது. அவர் வாங்கியிராவிட்டால் ஷார்தான் சுண்ணக்கல் பிடித்தாரா என்றே சந்தேகப்பட்டிருப்போம்.

கோட்டோவியன் எழுதியது:

அருங்காட்சியகத்துக்குப் போவதுதான் நல்ல முடிவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் எத்மோன் த கோன்கூர் அப்படி நினைக்கவில்லை. அவரும் தம்பி ழூலும் வாத்தோவையும் ஃப்ராகொனாரையும் யாரும் சீந்தாத காலத்தில், சொற்பக் காசுக்குக் குப்பையோடு குப்பையாகக் கிடந்த தாள்களைத் தேடித் தேடி வாங்கியவர்கள். எத்மோன் தன் உயிலில், என் வாழ்வின் மகிழ்ச்சியாக இருந்த இந்தப் பொருட்களுக்கு அருங்காட்சியகத்தின் குளிர்ந்த கல்லறை வேண்டாம், அக்கறையில்லாமல் கடந்து போகிறவர்களின் மந்தப் பார்வை வேண்டாம், ஏலத்தில் சிதறட்டும், ஒவ்வொன்றையும் வாங்கியபோது எனக்குக் கிடைத்த இன்பம் என் ரசனை உள்ள இன்னொருவருக்குக் கிடைக்கட்டும் என்று எழுதினார். 1897 பிப்ரவரியில் அப்படியே ஏலம் நடந்தது. அந்தப் பணத்தில்தான் கோன்கூர் அகாதமி என்ற இலக்கிய அமைப்பே வந்தது.

எனக்கு அவர் கட்சி பிடிக்கும். ஓவியம் என்பது கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டியது.

செங்காவி எழுதியது:

எனக்கு அப்படித் தோன்றவில்லை அண்ணா. பெசான்ஸோனில் பத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு தாளில் வெயில் உச்சியில் இருக்கிறது, இன்னொன்றில் சாய்ந்திருக்கிறது. மரத்திலிருந்து அருவிக்கும் கோயிலுக்கும் அவர் நடந்து போனது தெரிகிறது. ஒரு கோடைகாலம் முழுவதும் தெரிகிறது. பாரிஸும் எத்மோன் போல ஏலத்துக்கு எழுதிவைத்திருந்தால் ஒன்று நியூயார்க்கில், ஒன்று லண்டனில், ஒன்று யாருடைய பெட்டகத்திலோ கிடக்கும். என்னைப் போன்ற ஆள் எதைப் பார்த்திருப்பேன்? நுழைவுச் சீட்டு வாங்கும் காசு மட்டும்தான் என்னிடம் இருந்தது.

நூலகப்பூனை எழுதியது:

இதில் நான் செங்காவி பக்கம். ஆனால் அருங்காட்சியகத்திலும் அது எப்போதும் சுவரில் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்ற மங்கிய வெளிச்சம், அதுவும் சில மாதம்தான், பிறகு வருடக்கணக்கில் இருட்டுப் பெட்டியில் ஓய்வு. காவிக்கல்லின் சிவப்பு வெளிச்சத்தைத் தாங்கும். தாள்தான் தாங்காது. வாசிப்பறைக்கு எழுதி, நேரம் கேட்டு, காரணம் சொல்லி விண்ணப்பித்தால் எடுத்துக் காட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கோன்கூர் விரும்பிய ஜன்னல் வெளிச்சம் கிட்டத்தட்ட அங்கே கிடைக்கும்.

பத்திரஎழுத்தர் எழுதியது:

ஏலம், தானம், உயில் எல்லாம் சொன்னீர்கள். பறித்தது ஒன்றும் இல்லையா? என் அனுபவத்தில் எந்த நீண்ட சங்கிலியிலும் மிரட்டி எழுதி வாங்கிய பத்திரம் ஒன்றாவது இருக்கும்.

ரோன்கரை எழுதியது:

இருக்கிறது ஐயா. 1933 முதல் 1945 வரை. இன்று எந்த அருங்காட்சியகமும் ஒரு தாளை வாங்கும் முன் அந்தப் பன்னிரண்டு வருடம் அது எங்கே இருந்தது என்று கேட்டாக வேண்டும். பாரிஸ் நகரத்தில் யூதக் குடும்பங்களின் சேகரிப்புகளை நாஜிகள் வீடு வீடாக அள்ளி ழெ த போம் கட்டடத்தில் குவித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் பெரிதாகச் சேர்த்திருந்த டேவிட்-வெய்ல் சேகரிப்பும் அதில் அடிபட்டது. அங்கே வேலை செய்த ரோஸ் வலான் என்ற பெண்மணி, தனக்கு ஜெர்மன் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், எது எங்கே போகிறது என்று ரகசியமாகக் குறித்துவைத்தார். போருக்குப் பிறகு திரும்பிக் கிடைத்தவற்றில் பெரும் பகுதிக்கு அந்தக் குறிப்புகள்தான் வழிகாட்டின.

விலை கொடுத்து வாங்கியதிலும் சிக்கல் உண்டு. ஹார்லெமில் இருந்த வங்கியாளர் ஃப்ரான்ஸ் கோனிக்ஸ் 2,600 வாக்கில் ஓவியங்கள் சேர்த்திருந்தார், வாத்தோவும் ஃப்ராகொனாரும் உட்பட. கடனுக்கு ஈடாக அவை போய், 1935 முதல் ரோட்டர்டாம் போய்மான்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1940-இல் வான் பேனிங்கன் என்ற தொழிலதிபர் வாங்கினார். அதிலிருந்து ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றை ஹிட்லர் லின்ஸ் நகரில் கட்டத் திட்டமிட்ட அருங்காட்சியகத்துக்காக, அதற்குப் படங்கள் சேர்த்துவந்த ஹான்ஸ் போஸேயிடம் விற்றார். அவை டிரெஸ்டன் போய், போர் முடிவில் சோவியத் படையோடு கிழக்கே போயின. 1995-இல் மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகம் அவற்றில் 307 தாள்களைக் காட்சிக்கு வைத்தது. உக்ரைன் தன்னிடம் இருந்த 139 ஓவியங்களை 2004-இல் நெதர்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தது.

பத்திரஎழுத்தர் எழுதியது:

ஈடு வைத்த சொத்து, கடன் கொடுத்தவர் வழியாக, போர் நடக்கும்போது, பறிப்பவனிடமே விற்கப்பட்டிருக்கிறது. இந்தப் பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கோட்டோவியன் எழுதியது:

நேற்று இரவு முழுவதும் இதே நினைப்பு. 1760-இல் ஒரு பையன் மர நிழலில் உட்கார்ந்து, கை படாமல் பார்த்துப் பார்த்துப் போட்ட துகள். தட்டினால் உதிர்ந்துவிடும். நான் போன வருடம் வரைந்த தாள் ஒன்று இந்த மழையில் பூஞ்சை பிடித்துவிட்டது. 260 வருடம் யாரோ ஒருவர் மாற்றி ஒருவர் அதை ஈரம் படாமல், உரசாமல், நேராக வைத்திருக்கிறார்கள். நான் முதல் பதிவில் அவர்கள் ஒரு கோடு கூடப் போடவில்லை என்று எழுதினேன். அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

செங்காவி எழுதியது:

நூலகப்பூனை அக்கா சொன்னபடி வாசிப்பறைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ஐப்பசியில் மறுபடி அந்தப் பக்கம் போகும் வேலை இருக்கிறது. அனுமதி கிடைத்தால் தாளைத் திருப்பிக் காட்ட முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன். முன்பக்கத்தை அரை மணி நேரம் பார்த்தேன், பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை.

நூலகப்பூனை எழுதியது:

போகும்போது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுபோங்கள். பேனா அனுமதிக்க மாட்டார்கள், பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை, எண், கையெழுத்து, ஒட்டிய துண்டு எது இருந்தாலும் எந்த மூலை என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துக் காட்டினால் நீர்க்குறியையும் பாருங்கள்.

பத்திரஎழுத்தர் எழுதியது:

பார்த்ததை அப்படியே இந்த இழையிலேயே எழுதுங்கள் செங்காவி. நான் காத்திருக்கிறேன்.